உரோமக் காசில் ஆண்டு எங்கே இருக்கிறது?

தேயிலை மலையில் கான் வெட்டும்போதோ, வீடு கட்ட அத்திவாரம் தோண்டும்போதோ ஒரு பழைய காசு அகப்பட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் அது 'உரோமக் காசு' ஆகிவிடும். போட்டோ வட்ஸ்அப்பில் சுற்றும். ஒருவர் "இரண்டாயிரம் வருஷத்துக் காசு" என்பார். இன்னொருவர் "அந்தக் காலத்திலேயே உரோமர்கள் நம்ம மலைக்கு வந்திருக்கிறார்கள்" என்பார். மூன்றாவது ஆள் விலை சொல்லுவார். அது லட்சத்தில்தான் தொடங்கும். காசில் என்ன எழுதியிருக்கிறது, அதன் எடை என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டு முடிச்சுப் போடுவதுதான். இது உரோமக் காசா? எந்தக் காலத்தில் அடிக்கப்பட்டது? எப்போது இந்த மண்ணுக்குள் போனது? ஒன்றுக்கான பதில் மற்றதற்குப் பதிலாகாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## தலையும் லத்தீன் எழுத்தும் இருந்தால் போதுமா?

போதாது. மலைநாட்டில் மண்ணிலிருந்து வரும் லத்தீன் எழுத்துக் காசு ஆங்கிலேயர் காலத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோப்பித் தோட்டம் போட வந்த காலத்திலிருந்து அவர்களுடைய செப்புக் காசு இந்த மலைகளில் புழங்கியது.

அதிலும் நன்றாக ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு. 1828இல் இலங்கைப் புழக்கத்துக்கென்றே பிரித்தானியா அடித்த அரைப் பார்திங் அது. ஒரு பக்கத்தில் நான்காம் ஜோர்ஜ் மன்னர், தலையில் உரோமப் பேரரசர் போல இலைமாலை. சுற்றிலும் லத்தீன். மறுபக்கத்தில் கேடயமும் சூலமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் உருவம். அந்தப் பெண் பிரித்தானியா. அவளே உரோமக் காசிலிருந்து இரவல் வாங்கப்பட்டவள்தான். ஹேட்ரியன் பேரரசர் காலத்துக் காசில் முதலில் வந்தவள். அதாவது உரோமக் காசு மாதிரித் தெரியவேண்டும் என்று திட்டமிட்டே செய்த காசு இது. கண்டவர் ஏமாந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 1821ஆம் ஆண்டு வெள்ளி ரிக்ஸ்டாலரிலும் இதே மன்னர், இதே இலைமாலை. நல்லவேளை, அதன் மறுபக்கத்தில் யானை இருக்கிறது.

இவற்றைப் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. காசில் 1828, 1821 என்று ஆண்டு எண் தெரிந்தால் அது உரோமக் காசு இல்லை. டச்சுக்காரர் காலத்துச் செப்புக் காசில், அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் குறியான வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் பின்னிக் கிடக்கும். அதிலும் ஆண்டு எண் இருக்கும். உரோமர் நம்மைப் போல கி.பி. கணக்கில் ஆண்டு எண்ணவில்லை. அந்தக் கணக்கை டயோனிசியஸ் என்ற துறவி உருவாக்கியதே 525ஆம் ஆண்டில்தான்.

அடுத்தது விளிம்பு. உரோமக் காசு கையால் அடித்த காசு. சூடாக்கிய உலோகத் துண்டை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அதனால் வட்டம் சரியாக இருக்காது, படம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், சில எழுத்து காசுக்கு வெளியே போய்விட்டிருக்கும். இயந்திரத்தில் வெட்டியது போல ஒழுங்கான வட்டமும் ஒரே கனமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டு வைத்தது போல ஒரு கோடு ஓடினால், அது அச்சில் உருக்கி ஊற்றிய போலியாக இருக்கலாம்.

## ஆண்டு எழுதாத பொருளுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது எப்படி?

ஆண்டு எண் இல்லாத காசுக்கு ஆண்டு சொல்வது மந்திர வேலை மாதிரித் தோன்றும். ஆனால் இதே வேலையை நம் வீட்டு அடுப்படியில் நாமே செய்யலாம்.

கல்யாணத்தில் வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், இல்லையா? ஒரு செம்புக் குடத்தில் 'அன்பளிப்பு: பெரியசாமி, கணக்கப்பிள்ளை, மேற்பிரிவு' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு இல்லை. ஆனால் பெரியசாமி 1961இல்தான் கணக்கப்பிள்ளை ஆனார், 1968இல் தோட்டத்தில் அதைவிடப் பெரிய பதவியான கண்டக்டர் ஆகிவிட்டார் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கண்டக்டர் ஆன மனிதர் பாத்திரத்தில் கணக்கப்பிள்ளை என்று வெட்ட விடுவாரா? மாட்டார். ஆகவே அந்தக் குடம் 1961க்கும் 1968க்கும் இடைப்பட்டது. அவர் மேற்பிரிவுக்கு மாறியது 1965இல் என்று இன்னொருவர் சொன்னால், ஏழு ஆண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

உரோமக் காசின் காலத்தைக் கணிப்பதும் இதே வேலைதான். பேரரசரின் பெயர் பெரியசாமியின் இடத்தில் இருக்கிறது. அவர் பெற்ற பட்டங்கள் பதவியின் இடத்தில். காசு அடித்த ஊர் பிரிவின் இடத்தில். ஒவ்வொரு தகவலும் இரண்டு எல்லை தருகிறது: இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை. எல்லாத் தகவலுக்கும் பொதுவான இடைவெளிதான் காசின் காலம். 'இந்த ஆண்டு' என்று ஒற்றை எண் கிடைப்பது அபூர்வம். 'இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள்' என்பதுதான் வழக்கமான பதில்.

## பட்டம் கூடக் கூட இடைவெளி குறையும்

தலை இருக்கும் பக்கத்தை முகப்பக்கம் என்போம். மற்றது பின்பக்கம். தலையைச் சுற்றி ஓடும் எழுத்து வரிசைக்குச் சுற்றெழுத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதில் பேரரசரின் பெயரும் பட்டங்களும் சுருக்கமாக, சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் இருக்கும். 'யூ' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'அகஸ்டஸ்' என்ற பட்டத்தின் சுருக்கம் ஏ, வி, ஜி. இந்த மூன்று எழுத்தைக் கண்டால் பேரரசர் அல்லது அவர் மனைவியின் காசாக இருக்கலாம்.

டிராஜன் என்ற பேரரசரை எடுத்துக்கொள்வோம். ஆட்சி 98 முதல் 117 வரை. முகமும் பெயரும் மட்டும் தெரிந்தால் நமக்குக் கிடைப்பது 19 ஆண்டு இடைவெளி.

இப்போது சி, ஓ, எஸ் என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள். அது 'கொன்சல்' என்பதன் சுருக்கம். கொன்சல் என்பது ஓர் ஆண்டுக்கு வழங்கப்படும் தலைமைப் பதவி; பேரரசரே அதைப் பலமுறை எடுத்துக்கொள்வார், எத்தனையாவது முறை என்பதைக் காசில் போட்டுக்கொள்வார். டிராஜன் ஐந்தாவது முறை கொன்சல் ஆனது 103இல். ஆறாவது முறை 112இல். ஆகவே கொன்சல் ஐந்து என்று எழுதிய டிராஜன் காசு 103க்கும் 111க்கும் இடைப்பட்டது. கொன்சல் ஆறு என்றால் 112க்குப் பின்.

அத்தோடு நிற்கவில்லை. இன்றைய ருமேனியாப் பக்கம் இருந்த டாசியாவை முதன்முறை வென்றதும், 102இல் 'டாசிகஸ்' என்ற பட்டம் சேர்ந்தது. 114இல் 'மிகச் சிறந்தவர்' என்ற பொருளில் 'ஒப்டிமஸ்' அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. 116இல் பார்த்தியரை வென்றவர் என்று 'பார்த்திகஸ்' வந்தது. 117இல் இறந்துவிட்டார். ஆக, பார்த்திகஸ் என்று எழுதிய காசு கையில் இருந்தால் 19 ஆண்டு இரண்டு ஆண்டாகிவிட்டது. நம்மூர் அரசியல்வாதியின் பதாகையில் பட்டம் நீள்வது போல அவருக்கும் நீண்டது. பார்ப்பவர்களுக்கு அலுப்புத் தந்திருக்கலாம். நமக்கு அதுதான் நாட்காட்டி.

டி, ஆர், பி என்ற எழுத்துகளும் உதவும். மக்கள் பிரதிநிதிக்குரிய அதிகாரம் ஒன்றைப் பேரரசர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்வார். அதன் எண்ணிக்கையே அது. அந்த எண் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் சொல்லிவிடலாம்.

சுருக்கமாக: முகம் ஆட்சிக்காலத்தைத் தரும். பட்டமும் எண்ணும் அந்த ஆட்சிக்குள் இடைவெளியைக் குறைக்கும்.

## எழுத்து தேய்ந்திருந்தால் தராசு பேசும்

இலங்கைக்கும் உரோமுக்கும் இடையிலான பழைய கதைகளில் எனக்குப் பிடித்தது பிளினி என்ற உரோம எழுத்தாளர் சொல்வது. கிளாடியஸ் பேரரசர் காலத்தில், அதாவது 41க்கும் 54க்கும் இடையில், ஒரு வரி வசூல்காரரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இந்தத் தீவில் கரையேறினாராம். அவரிடம் இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்த நம்மூர் அரசர் வியந்தாராம். வெவ்வேறு தலைகள், ஆனால் எடை ஒன்று. இப்படி நேர்மையாக நிறுக்கும் நாட்டோடு உறவு வைக்கலாம் என்று தூதர்களை அனுப்பினார் என்கிறார் பிளினி.

கதை எவ்வளவு உண்மையோ, அரசர் செய்த காரியம் சரியானது: காசை நிறுத்துப் பார்த்தார். ஆனால் அந்த நேர்மை நெடுநாள் நிலைக்கவில்லை. தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசின் எடையை 64ஆம் ஆண்டளவில் நீரோ குறைத்தார். வெள்ளியோடு கலப்பும் சேர்த்தார். அதற்குப் பின் வந்தவர்களும் அதே வழியில் போக, 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியதும் 'வெள்ளிக் காசு' என்பது மேலே வெள்ளிப் பூச்சு தடவிய செம்பாகிவிட்டது. பிறகு கான்ஸ்டன்டைன் பேரரசர் சொலிடஸ் என்ற பொற்காசைக் கொண்டுவந்தார். ஒரு உரோமப் பவுண்டுத் தங்கத்தில் 72 காசு, ஒன்று ஏறத்தாழ நாலரை கிராம். அது மட்டும் பல நூற்றாண்டு எடை மாறாமல் நின்றது.

ஆகவே எழுத்தே தெரியாவிட்டாலும் உலோகம், எடை, விட்டம் மூன்றும் சேர்ந்து நூற்றாண்டையாவது சொல்லும். பக்கத்து டவுனில் நகைக்கடைத் தராசு இருந்தால் வேலை முடிந்தது.

## இலங்கையில் அதிகம் கிடைப்பது எது?

இங்கேதான் 'இரண்டாயிரம் வருஷம்' என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. முற்காலப் பேரரசர்களின் வெள்ளியும் பொன்னும் தென்னிந்தியாவில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் அவை குறைவு. இங்கே கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். மத்திய மாகாணத்திலேயே, மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. வயது ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டு. அளவு சிறியது: பலவற்றின் விட்டம் 12 முதல் 18 மில்லிமீற்றருக்குள்தான், எடையும் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் போகாது. உரோமப் பேரரசு இவற்றைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியது. அதனால் உலகச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் பழங்காசும் இதுதான். அந்த லட்சக் கணக்கை இந்த இடத்திலேயே மறந்துவிடலாம்.

இந்தக் காலத்துக் காசில் முகமும் பட்டமும் அதிகம் உதவாது. எல்லாப் பேரரசரும் ஒரே அச்சில் வார்த்த முகத்தோடு இருப்பார்கள். பலர் பெயருக்கு முன்னால் 'எங்கள் ஆண்டவர்' என்ற பொருளில் டி, என் என்ற இரண்டு எழுத்து வரும். போதாக்குறைக்கு கான்ஸ்டன்டைனின் பிள்ளைகளுக்குக் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ் என்று பெயர். கடைசி நாலு எழுத்து தேய்ந்திருந்தால் அப்பனா பிள்ளையா என்றே தெரியாது. முகப்பக்கத்தில் தலைக்கவசம் போட்ட ஒரு முகமும், பின்பக்கத்தில் இரண்டு குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஓநாயும் இருந்தால், அந்த முகம் எந்த ராஜாவும் இல்லை. உரோம் நகரத்தையே பெண்ணாக வரைந்தது.

ஆகவே காசைத் திருப்புங்கள். இந்தக் காலத்துக்குப் பின்பக்கம்தான் சாவி.

இரண்டு படைவீரர் எதிரெதிரே நின்று, நடுவில் கொடிக்கம்பம் நட்டிருந்தால் கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு கம்பம் என்றால் 330 முதல் 335 வரை. ஒன்று என்றால் 335 முதல் 341 வரை. காசின் எடையைக் குறைத்தபோது படத்தையும் சுருக்கிவிட்டார்கள். ஒரு கம்பம் குறைந்ததில் நமக்கு ஐந்தாண்டுத் துல்லியம் கிடைக்கிறது. இந்த வேலையில் இதைவிட இனிப்பான விஷயம் குறைவு.

குதிரையிலிருந்து விழும் எதிரியை வீரன் ஈட்டியால் குத்தும் படம் 348இல் தொடங்குகிறது; ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு ஓடியது. சிறகுள்ள வெற்றித் தேவதை கைதி ஒருவனை இழுத்துச் செல்லும் மிகச் சிறிய காசு 388க்குப் பின், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. இலைவளையத்துக்குள் வெறும் சிலுவை மட்டும் இருந்தால் 425க்குப் பின் என்று கொள்ளலாம்.

பின்பக்கத்தின் அடியில் ஒரு கிடைக்கோடு இருக்கும். அதற்குக் கீழே உள்ள குட்டி எழுத்துகள் நாணயச்சாலையின் குறி. நாணயச்சாலை என்பது காசு அடிக்கும் இடம். பேரரசு முழுவதும் ஒரு டசனுக்கு மேல் இருந்தன. ஏ, எல், ஈ என்றால் எகிப்தின் அலெக்சாந்திரியா. ஏ, என், டி என்றால் இன்றைய துருக்கியில் இருந்த அந்தியோக்கியா. சி, ஓ, என், எஸ் என்றால் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். இந்தக் குறியும் காலம் சொல்லும்: கான்ஸ்டான்டிநோபிள் நாணயச்சாலை 326இல்தான் தொடங்கியது, அதற்கு முன் அந்தக் குறி எந்தக் காசிலும் வர முடியாது. இலங்கைப் பக்க வணிகம் எகிப்து, செங்கடல் வழியாக வந்ததால் கிழக்கு நகரங்களின் குறிகளை முதலில் தேடிப் பாருங்கள்.

## உரோமக் காசு போலவே இருக்கும் உள்ளூர்க் காசு

படம் உரோமப் படம்தான். ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும். முகம் குழந்தை வரைந்தது போல. இப்படியும் நிறையக் கிடைக்கின்றன, குறிப்பாகத் தென்கரையில்; மாத்தறைக்கு அருகே நைமனையில் கிடைத்த பெருங்குவியல் இதற்குப் பேர்போனது. இவை இங்கேயே அடித்த காசுகள். உரோமச் சிறு காசு இலங்கைச் சந்தையில் அவ்வளவு தூரம் பழகிப்போயிருந்தது. வரத்துப் போதாதபோது உள்ளூரிலேயே அதே மாதிரி செய்துகொண்டார்கள் என்றுதான் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

இவற்றைப் 'போலி' என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. எனக்கு இவைதான் சுவாரசியமானவை. அசல் உரோமக் காசு அந்தியோக்கியாவைப் பற்றித்தான் பேசும். இது நம் தீவின் கடைத்தெருவைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் காலம் கணிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். படம் 390ஆம் ஆண்டுக் காசைப் பார்த்துச் செய்தது என்றால், நகல் 390க்குப் பின் என்று மட்டும்தான் சொல்ல முடியும். எவ்வளவு பின் என்பதைப் படம் சொல்லாது.

## அடித்த ஆண்டு வேறு, புதைந்த ஆண்டு வேறு

இதுவரை பார்த்தது எல்லாம் காசு பிறந்த காலம். தொல்லியலாளருக்கு அதைவிட முக்கியம் காசு மண்ணுக்குள் போன காலம். செம்புக் குடம் 1965இல் வாங்கியதாக இருக்கலாம். அது இன்றைக்கும் அடுப்படியில் இருக்கிறதே! அதுபோல 335இல் அடித்த காசு நூறு, நூற்றைம்பது ஆண்டு கழித்தும் கைமாறிக்கொண்டிருந்திருக்கலாம். சீகிரியாவில் காசியப்பன் ஆண்டது 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவன் காலத்துக் காவல்காரன் ஒருவன் மடியில் கான்ஸ்டன்டைன் காசு இருந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆகவே தனிக்காசு ஒன்று தருவது ஒரு எல்லையை மட்டுமே: இந்த மண்ணடுக்கு 335க்கு முந்தியதல்ல. ஒரு பானை நிறையக் கிடைத்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. அதில் ஆகக் கடைசியாக அடித்த காசு எதுவோ, பானை அதற்குப் பின்தான் புதைக்கப்பட்டது. ஐந்நூறு காசு 340ஐச் சேர்ந்தவை, ஒரே ஒரு காசு மட்டும் 410ஐச் சேர்ந்தது என்றால், அந்த ஒன்றுதான் தீர்ப்புச் சொல்லும். பானையில் கிடைத்ததை அண்ணனுக்குப் பத்து, தம்பிக்குப் பத்து என்று பங்கு பிரித்தால் போவது இந்தத் தகவல்தான்.

இதிலிருந்தே 'உரோமர்கள் மலைக்கு வந்தார்கள்' என்ற பேச்சுக்கும் பதில் வந்துவிடுகிறது. காசு வந்ததற்கு உரோமர் வரவேண்டியதில்லை. செங்கடலுக்கும் இந்தத் தீவுக்கும் இடையில் எகிப்தியர், எத்தியோப்பியர், பாரசீகர், தென்னிந்தியர் என்று எத்தனையோ வணிகர் கை இருந்தது. கடைசியாக வைத்திருந்தவர் நம்மூர்க்காரராகவே இருக்கலாம்.

## கையில் ஒன்று கிடைத்தால்

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை வேண்டாம், பித்தளை பளபளப்பாக்கும் திரவமும் வேண்டாம். குத்துவிளக்குக்குப் பொருந்துவது காசுக்குப் பொருந்தாது. பச்சையும் கறுப்புமாகப் படிந்திருக்கும் களிம்புக்குள்தான் எழுத்து நிற்கிறது. பல காசுகளில் உலோகம் உள்ளே அரித்துப்போய், படம் களிம்பில் மட்டுமே மிச்சம் இருக்கும். தேய்த்தால் ஆண்டும் போய்விடும், ஆளும் போய்விடுவார். ஈரமண்ணை மட்டும் மென்மையாகத் தட்டிவிட்டு நிழலில் காயவிடுங்கள்.

விளக்கை மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்து இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். எடையும் விட்டமும் குறித்து வையுங்கள். தெரிந்த நாலைந்து எழுத்தை அமெரிக்க நாணயவியல் கழகம் இலவசமாக வைத்திருக்கும் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பேரரசர், நாணயச்சாலை, படம் என்று வடிகட்டித் தேட முடியும்.

கிடைத்த இடத்தையும் எழுதி வையுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழம், கூட ஓட்டுத்துண்டு ஏதும் இருந்ததா என்று. இடம் தெரியாத காசு ஆய்வுக்குப் பாதிப் பயன்தான். அப்புறம் கிராம சேவகர், பொலிஸ் அல்லது தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் கிடந்த தொல்பொருள் அரசின் சொத்து. விற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லாம் சிக்கலில் மாட்டிவிடும். எது தொல்பொருள் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2க்கு முந்தியது என்பது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். உரோமக் காசு அந்த எல்லைக்கு வெகு முன்னால் நிற்கிறது. இலைமாலை போட்ட நான்காம் ஜோர்ஜின் அரைப் பார்திங் பதின்மூன்று ஆண்டு பிந்திவிட்டது.